விசா மறுக்கப்பட்டால் வேலைக் கடிதம் என்ன ஆகிறது?

அமெரிக்க வேலைக்குக் கிளம்பும் ஒரு மென்பொருள்காரரின் கோப்பைத் திறந்தால் முக்கியமாக மூன்று காகிதங்கள் இருக்கும். ஒன்று, கம்பெனி அனுப்பிய ஆஃபர் லெட்டர். இரண்டு, குடியேற்றத் துறை மனுவை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் ஐ-797 அறிவிப்பு. மூன்று, பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா. நம்மவர் பேச்சில் இம்மூன்றும் ஒன்றாகவே புழங்குகின்றன. 'ஹெச்-1பி வந்துவிட்டது' என்று ஊரில் இனிப்பு கொடுப்பவர் பெரும்பாலும் இரண்டாவது காகிதத்தை நம்பித்தான் கொடுக்கிறார். மூன்றாவது காகிதம் கிடைக்காமல் போனால் முதலாவது காகிதத்திற்கு என்ன மதிப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நான் வழக்கறிஞன் அல்ல. பொறியியலில் முதுகலை படித்துவிட்டு நிரல் எழுதிப் பிழைப்பவன். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவனுக்கு 2018-ல் விசா நின்றுபோனபோது, அவன் பொருட்டுச் சட்ட விதிகளையும் தீர்ப்புகளையும் படிக்க ஆரம்பித்தேன். அதன்பின் இந்த விஷயத்தில் வரும் மாற்றங்களைப் பின்தொடர்ந்து வருகிறேன். கீழே இருப்பது பொது விளக்கம் மட்டுமே. தன் சொந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடுபவர் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

முதலில் ஆஃபர் லெட்டர். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் வேலைகள் 'அட்-வில்' வகையைச் சேர்ந்தவை. அதாவது, சட்டம் தடைசெய்துள்ள காரணங்கள் தவிர வேறு எந்தக் காரணத்திற்காகவும், காரணமே இல்லாமலும்கூட, இரு தரப்பில் யாரும் எப்போது வேண்டுமானாலும் உறவை முறித்துக்கொள்ளலாம். ஐம்பது மாநிலங்களில் மோன்டானா மட்டும் 1987-ல் தனிச் சட்டம் போட்டு இதிலிருந்து விலகி நிற்கிறது. ஆகவே, இந்தியாவில் நாம் 'அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் கனம் அங்கே ஆஃபர் லெட்டருக்குக் கிடையாது. நாளைக்கே போகச் சொல்லக்கூடிய ஒரு வேலைக்கு, இன்ன தேதியில் வந்து சேர் என்று எழுதிய கடிதம் அது.

அதற்கு மேல் ஒரு நிபந்தனையும் இருக்கும். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், பின்னணிச் சோதனை, படிப்புச் சான்று இவற்றோடு சேர்த்து, 'இந்த வாய்ப்பு, நீங்கள் அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி பெறுவதையும் அதைத் தக்கவைத்துக்கொள்வதையும் பொறுத்தது' என்ற பொருளில் ஒரு வரி வரும். நம்மில் பலர் சம்பளம் எழுதிய வரியைப் பத்து முறை படிப்போம். இந்த வரியை ஒரு முறைகூடப் படிக்க மாட்டோம். ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு முன்நிபந்தனை என்று பெயர். நடக்குமா நடக்காதா என்று நிச்சயமில்லாத ஒரு நிகழ்வு நடந்தால்தான் மறுதரப்பின் கடமை தொடங்கும். நிகழ்வு நடக்காவிட்டால் கடமை பிறக்கவே இல்லை. எனவே, விசா கிடைக்காததால் வேலை தராத கம்பெனி ஒப்பந்தத்தை மீறியதாகாது.

அந்த வரி இல்லாத கடிதமும் உண்டு. சிறிய கம்பெனிகள் ஒரு பக்கக் கடிதத்தில் பதவி, சம்பளம், தேதி மூன்றை மட்டும் எழுதி அனுப்பிவிடும். அப்போதும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 1986-ல் வந்த குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, வேலை செய்ய அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு வைப்பது குற்றம். அரசின் சட்டமே தடுக்கும் ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்று நீதிமன்றம் யாரையும் தண்டிக்காது. நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் அந்த வழியில், எழுதப்படாவிட்டால் இந்த வழியில், முடிவு ஒன்றுதான்.

இனி இரண்டாவது காகிதம். ஹெச்-1பி மனுவைப் போடுவது கம்பெனி. வேலைக்கு வரப்போகிறவர் பயனாளி மட்டுமே, மனுதாரர் அல்ல. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கம்பெனி முதலில் தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் விண்ணப்பத்தைக் கொடுத்து, அந்த ஊரில் அந்த வேலைக்கு வழங்கப்படும் சம்பளத்திற்குக் குறையாமல் தருவேன் என்று உறுதி சொல்கிறது. பிறகு ஐ-129 மனுவைக் குடியேற்றத் துறைக்கு அனுப்புகிறது. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. விண்ணப்பங்கள் இதைவிடப் பல மடங்கு வருவதால் யாரைத் தேர்வது என்பதற்கே தனி ஏற்பாடு உண்டு. மனு ஏற்கப்பட்டால் ஐ-797 வரும். அதன் பொருள், இந்த வேலை இந்த வகைக்குத் தகுதியானது, இந்த நபர் இந்த வேலைக்குத் தகுதியானவர் என்பதுதான். கம்பெனி இவரை வேலைக்கு வைத்தே தீர வேண்டும் என்பது அதில் எங்கும் இல்லை. கம்பெனி எந்த நாளிலும் மனுவைத் திரும்பப் பெறலாம். ஆளை எடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்தால் அதைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

'எல்.சி.ஏ.-யில் சம்பளம் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, அது என்ன ஆயிற்று?' என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ஆளைக் கூட்டி வந்துவிட்டு, புராஜெக்ட் இல்லை என்று சம்பளமில்லாமல் உட்கார வைக்கும் 'பெஞ்ச்' பழக்கத்தை 1998-ல் வந்த சட்டம் தடுத்தது. ஆனால் அந்தக் கடமை எப்போது தொடங்குகிறது என்பதைத் தொழிலாளர் துறையின் விதி தெளிவாகச் சொல்கிறது. வந்தவர் வேலைக்குத் தயார் என்று கம்பெனியிடம் தன்னை ஒப்படைக்கும் நாளில் தொடங்கும். வேலையை எதிர்பார்த்துக் காத்திருப்பது, பயிற்சிக்குப் போவது, வாடிக்கையாளரிடம் நேர்காணலுக்குப் போவது எல்லாமே இதில் அடங்கும். அப்படி எதுவும் நடக்காவிட்டாலும், அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களில் தொடங்கிவிடும். ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கு, வேலை செய்யத் தகுதி பெற்ற நாளிலிருந்து 60 நாட்கள். இந்த விதியின் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது விமான நிலையத்தில்தான். விசாவே கிடைக்காதவருக்கு அது ஓடுவதே இல்லை. முன்கூட்டியே வேலையை விட்டு நீக்கினால் ஊர் திரும்பும் பயணச் செலவைக் கம்பெனி தர வேண்டும் என்ற விதியும் இப்படியே. வந்தவருக்குத்தான் திரும்பும் செலவு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். மனுவை ஏற்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் குடியேற்றத் துறை. விசா தருவது வெளியுறவுத் துறையின் கீழ் வரும் தூதரகம். இரண்டும் வெவ்வேறு துறைகள். ஏற்கப்பட்ட மனுவை முதலிலிருந்து மறுவிசாரணை செய்வது தூதரக அதிகாரியின் வேலை அல்ல என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

மாணவர் விசா, சுற்றுலா விசா மறுக்கப்படும்போது நாம் கேள்விப்படும் 214(பி) பிரிவு, அதாவது 'திரும்பிப் போவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை' என்ற காரணம், ஹெச்-1பி-க்குப் பொருந்தாது. அந்தப் பிரிவே ஹெச்-1பி-க்கு விலக்கு அளிக்கிறது. இங்கே வழக்கமாக வருவது 221(ஜி). சட்டத்தின் கண்ணில் இதுவும் மறுப்புதான். ஆனால் கதவைத் தாழிடாத மறுப்பு. கூடுதல் ஆவணம் கேட்டால் ஓராண்டுக்குள் கொடுக்கலாம், தவறினால் புதிதாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 'நிர்வாகப் பரிசீலனை' என்று சொல்லிவிட்டால் அதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. இன்னும் கடுமையானது, அதிகாரி மனுவையே 'இதை ரத்து செய்யலாம்' என்ற பரிந்துரையோடு குடியேற்றத் துறைக்குத் திருப்பி அனுப்புவது. துறை அதை ஏற்றால், ரத்து செய்ய உத்தேசிப்பதாக ஒரு நோட்டீஸ் கம்பெனிக்குப் போகும். பதில் சொல்ல 30 நாள். கவனியுங்கள், கம்பெனிக்குத்தான் போகும். பயனாளிக்கு நகல்கூட வராது. எல்லாவற்றிலும் மோசமானது, பொய்த் தகவல் கொடுத்தார் என்ற முத்திரை. அது வாழ்நாள் முழுக்கத் தொடரும். அது விழுந்தவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதற்கு வழக்கறிஞரைத் தேட வேண்டும்.

தூதரக முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா? பொதுவாக முடியாது. 1969-ல் எர்னெஸ்ட் மாண்டல் என்ற பெல்ஜிய மார்க்சியப் பொருளாதார அறிஞர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேச வர முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. அவரை அழைத்த பேராசிரியர்கள் தங்கள் கருத்துரிமை பாதிக்கப்படுவதாக வழக்குப் போட்டார்கள். மேலோட்டமாகப் பார்க்க நியாயமான, நேர்மையான ஒரு காரணத்தை அரசு சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் நீதிமன்றம் எட்டிப்பார்க்காது என்று உச்சநீதிமன்றம் 1972-ல் சொன்னது. 2024 ஜூனில் வந்த முன்யோஸ் வழக்கில், அமெரிக்கக் குடிமகளான மனைவிக்கே, தன் கணவருக்கு விசா மறுக்கப்பட்டதைக் கேள்வி கேட்க அடிப்படை உரிமை இல்லை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. கட்டிய மனைவிக்கே அந்த நிலை என்றால், ஆஃபர் லெட்டர் கொடுத்த கம்பெனி எம்மாத்திரம்? முடிவே சொல்லாமல் இழுத்தடிக்கிறார்கள், ஏதாவது ஒரு முடிவைச் சொல்லச் சொல்லுங்கள் என்று வழக்குப் போடுவது மட்டும் உண்டு. அதிலும் சில நீதிமன்றங்கள் கேட்கும், சில கேட்காது.

என் நண்பனுக்கு நடந்தது இதுதான். சென்னையில் ஆறு வருடம் பார்த்த வேலைக்கு ராஜினாமா கொடுத்து, 90 நாள் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தது. நேர்காணலில் 221(ஜி) தாள் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் கடிதம், வேலை விவரம், கம்பெனியின் வரிக் கணக்கு என்று கேட்டார்கள். கம்பெனி அனுப்பியது, இவன் கொடுத்தான். நான்கு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. ஐந்தாவது மாதம் கம்பெனியிடமிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல்: புராஜெக்ட் வேறு ஆட்களைக் கொண்டு நிரப்பப்பட்டுவிட்டது, வாய்ப்பு திரும்பப் பெறப்படுகிறது, எதிர்காலத்திற்கு வாழ்த்துகள். அன்று இரவு போனில் அவன் கேட்டது, "மச்சி, சட்டம் எல்லாம் அப்புறம் சொல்லுடா. இவங்களை ஏதாவது பண்ண முடியுமா முடியாதா?" என்பதுதான்.

அதற்கு நேர்மையான பதில் சொல்ல, மருந்தாளுநர் ஒருவரின் வழக்கைப் பார்க்க வேண்டும். மினசோட்டா மாநிலத்தில் 1975-ல் அவர் ஒரு மருந்துக்கடையில் வேலையில் இருந்தார். குரூப் ஹெல்த் என்ற நிறுவனம் வேலை தருவதாகத் தொலைபேசியில் சொன்னது. இவர் இருந்த வேலையை விட்டார், கைக்கு வந்த ஒரு அரசு மருத்துவமனை வேலையையும் வேண்டாம் என்றார். இதற்கிடையே நற்சான்று சரியாகக் கிடைக்கவில்லை என்று குரூப் ஹெல்த் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அட்-வில் வேலை என்பதால் ஒப்பந்த மீறல் வழக்கு நிற்காது. ஆனால் 1981-ல் மினசோட்டா உச்சநீதிமன்றம் வேறொரு வழியைத் திறந்தது. ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி மற்றவர் தன் நிலையை மாற்றிக்கொள்வார் என்று வாக்குக் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், அந்த வாக்கைச் சும்மா கைவிட முடியாது. நஷ்டஈடு உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். புது வேலையில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளம் அல்ல, விட்டு வந்த வேலையிலும் மறுத்த வேலையிலும் இழந்ததுதான் நஷ்டம். 2004-ல் கலிபோர்னியாவில் பியானோ விற்பனைக் கடை மேலாளர் ஒருவரின் வழக்கில், பழைய வேலையில் வருங்காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தையும், வெறும் ஊகமாக இல்லாத அளவுக்கு, கேட்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எல்லா மாநிலங்களும் இவ்வளவு தாராளமாக இல்லை.

இது விசா மறுப்புக்குப் பொருந்துமா? நேராகப் பொருந்தாது. மருந்தாளுநர் வழக்கில் வாக்கை உடைத்தது நிறுவனம். நம் விஷயத்தில் உடைத்தது அரசு. கம்பெனி கொடுத்த வாக்கே 'விசா கிடைத்தால்' என்ற வாக்குதான். அதை நிபந்தனையற்ற வாக்காக நம்பினேன் என்று சொன்னால் நியாயமான நம்பிக்கை என்று நீதிமன்றம் ஏற்காது. ஆனால் தவறு கம்பெனியின் பக்கம் இருக்கும் சில சூழ்நிலைகள் உண்டு. அங்கே கதை மாறுகிறது. விசா வரும் முன்பே 'உடனே ராஜினாமா செய், எங்கள் பொறுப்பு' என்று மேலாளர் எழுத்தில் கொடுத்திருந்தால். தூதரகம் கேட்ட ஆவணத்தைக் கம்பெனி கொடுக்காமலேயே விட்டு, பிறகு விசா வரவில்லை என்று கைவிரித்தால். (நிபந்தனை நிறைவேறாமல் தானே தடுத்தவர், நிபந்தனை நிறைவேறவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது என்பது பழைய ஒப்பந்த விதி.) அல்லது, அப்படி ஒரு வேலையே இல்லாமல், கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனுப் போட்டிருந்தால். கடைசியாகச் சொன்னது வெறும் வாக்கு மீறல் அல்ல, மோசடி.

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், சென்னையில் உட்கார்ந்துகொண்டு டெக்ஸாஸிலோ நியூ ஜெர்சியிலோ வழக்கு நடத்துவது எத்தனை பேரால் முடியும்? மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கறிஞருக்குக் கொடுப்பது, கிடைக்கக்கூடிய நஷ்டஈட்டைத் தாண்டிவிடும். என் நண்பனிடம் மேற்சொன்ன எதுவும் எழுத்தில் இல்லை. முடியாது என்றுதான் சொன்னேன்.

பணம் பற்றிய கணக்கு தனி. ஹெச்-1பி மனுவோடு கம்பெனி கட்டும் பயிற்சிக் கட்டணத்தையும் மோசடித் தடுப்புக் கட்டணத்தையும் பயனாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். மனுவுக்கான மற்றக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் கம்பெனியின் வியாபாரச் செலவுகளாகவே கருதப்படுகின்றன. அவற்றைச் சம்பளத்தில் பிடித்து, உறுதியளித்த அளவுக்குக் கீழே கொண்டு போகக் கூடாது. விசா நேர்காணல் கட்டணம் விண்ணப்பிப்பவர் கட்டலாம். 'விசா கிடைக்காவிட்டால் எங்களுக்கு ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு கன்சல்டன்சி கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவதுதான் நல்லது. மாறாக, கம்பெனி முன்கூட்டியே கொடுத்த சேர்க்கை போனஸ், இடமாற்றச் செலவுக்கான முன்பணம் இவற்றை வேலையில் சேராதவர் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். அது நியாயமும்கூட.

2025 செப்டம்பர் 19-ல் கையெழுத்தான அதிபரின் அறிவிப்பு, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக அம்மாதம் 21-ஆம் தேதிக்குப் பின் போடப்படும் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. 12 மாதத்திற்கு என்று வந்த இந்த அறிவிப்பை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசீலிக்கும் முறை வந்தது. இந்தியாவில் டிசம்பர் நேர்காணல் தேதி வைத்திருந்த பலருக்கு அது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. தாமதமும் ஒருவகை மறுப்பு என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கடிதத்தில் சேரும் தேதி என்று ஒன்று இருக்கிறது. அது கடந்தபின் கடிதம் செல்லுமா செல்லாதா என்பது கம்பெனியின் விருப்பம்.

ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்து, விசா முத்திரைக்காக ஊருக்கு வந்து மாட்டிக்கொள்பவர் நிலை இன்னொரு வகை. 2020 ஜூன் 22-ல் வந்த அறிவிப்பால் அப்படி ஏராளமானோர் 2021 மார்ச் இறுதிவரை ஊரிலேயே நிற்க நேர்ந்தது. இவர்களுடைய வேலை தானாக முடிந்துவிடுவதில்லை. ஆனால் சொந்த விருப்பத்தில் விடுப்பெடுத்துப் போனவருக்கு அந்தக் காலத்துச் சம்பளம் தர வேண்டிய கடமை கம்பெனிக்கு இல்லை. இந்தியாவிலிருந்தே வேலை செய்ய அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். வருமான வரி, தகவல் பாதுகாப்பு என்று அவர்களுக்கும் தயக்கங்கள் உண்டு. அட்-வில் என்ற சொல் இங்கேயும் பின்னாலேயே நிற்கிறது.

இனி இந்தியப் பக்கம். இந்தியாவிலுள்ள பெரிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியரையே அமெரிக்காவுக்கு அனுப்ப முயன்று விசா கிடைக்காமல் போனால் அவருடைய இந்திய வேலை அப்படியே இருக்கும். போகவிருந்தது பணியிடம், போனது அது மட்டுமே. நேரடியாக அமெரிக்கக் கம்பெனியில் சேரப் போகிறவருக்குத்தான் இரண்டு கரையும் கைவிட்டுப் போகும் ஆபத்து. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. அதன் 32-ஆவது பிரிவு, நிச்சயமற்ற நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தம் அந்த நிகழ்வு சாத்தியமில்லை என்று ஆனவுடன் செல்லாததாகிவிடும் என்கிறது. 56-ஆவது பிரிவு, செய்ய முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ மாறிவிட்ட காரியத்தைப் பற்றியது. 65-ஆவது பிரிவு, அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் யாராவது எதையாவது பெற்றிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்கிறது. முன்பணம் வாங்கிய ஊழியருக்கு எதிராகவும் இது வேலை செய்யும், 'டெபாசிட்' வாங்கிய கம்பெனிக்கு எதிராகவும் வேலை செய்யும்.

கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெறலாமா என்பதைப் பலர் கேட்கிறார்கள். எதிர்காலத் தேதியில் நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று இந்திய உச்சநீதிமன்றம் 1978-ல் ஒரு உயர்நீதிமன்ற நீதிபதியின் ராஜினாமா குறித்த வழக்கில் சொன்னது. அரசுப் பணியில் இந்தக் கொள்கை பின்னர் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. தனியார் மென்பொருள் நிறுவனத்தில் அது ஒப்பந்த வாசகத்தையும் மேலாளரின் மனதையும் பொறுத்தது. தனிப்பட்ட சேவைக்கான ஒப்பந்தத்தில், 'இவரை வேலையில் வைத்துக்கொள்' என்று கட்டாயப்படுத்தி நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. என் அபிப்பிராயத்தில் 90 நாள் நோட்டீஸ் என்பதுதான் இந்தச் சிக்கலின் ஆணிவேர். அமெரிக்கக் கம்பெனி இரண்டு வாரத்தில் வா என்கிறது, இந்தியக் கம்பெனி மூன்று மாதம் இரு என்கிறது, தூதரகம் எதுவும் சொல்லாமல் இருக்கிறது. மூன்று கடிகாரங்களுக்கு நடுவே நிற்பவர் எந்த நாளில் ராஜினாமா கொடுப்பது? முத்திரை விழுந்த பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு கொடுங்கள் என்று நான் சொல்வேன். அதனால் சேரும் தேதி தள்ளிப்போகும் என்று கம்பெனியிடம் முதல் நாளே எழுதிச் சம்மதம் வாங்கிவிடலாம். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

மற்ற நாடுகளில் சட்டம் வேறு தோற்றம் கொள்கிறது. ஜெர்மனியில் வேலை அனுமதி இல்லை என்பதற்காக மட்டும் வேலை ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போவதில்லை. அதனால் அங்குள்ள கம்பெனிகள், விசா கிடைக்கும்வரை ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது என்று தெளிவாக எழுதிக்கொள்கின்றன. அந்த வாசகம் இல்லாவிட்டால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் முடிக்க வேண்டியிருக்கும். தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் பழைய வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதுதான் வழி. பிரிட்டனில் 2025-ல் ஒரு சுவாரஸ்யமான தீர்ப்பு வந்தது. நற்சான்று, வேலை உரிமைச் சோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று எழுதிய ஆஃபரை, புராஜெக்ட் தள்ளிப்போனது என்ற காரணத்தால் ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றது. ஆஃபரை ஏற்றபோதே ஒப்பந்தம் பிறந்துவிட்டது, அந்த நிபந்தனைகள் பின்னால் தோற்றால் ஒப்பந்தத்தை முடிக்க உதவுபவை மட்டுமே, எனவே மூன்று மாத நோட்டீஸ் சம்பளம் தர வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. விசாவே மறுக்கப்பட்டவருக்கு இது உதவாது. ஆனால் விசாவைச் சாக்காகக் காட்டி வேறு காரணத்திற்காகக் கைகழுவும் கம்பெனிக்கு எதிராக உதவும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பதும், மறுத்தால் மேல்முறையீடு செய்வதும் கம்பெனிதான். அவர்கள் அக்கறை காட்டாவிட்டால் நாம் தனியாகச் செய்ய ஒன்றுமில்லை.

கடிதம் கையெழுத்தாகும் முன் நான் பார்க்கச் சொல்வது சில வரிகளைத்தான். விசா தாமதமானால் சேரும் தேதி எத்தனை மாதம் நீளும்? மறுக்கப்பட்டால் மீண்டும் மனுப் போடுவார்களா, கனடாவிலோ இந்தியாவிலோ உள்ள கிளையில் வைத்துக்கொள்வார்களா? ரத்து நோட்டீஸ் வந்தால் எனக்கு நகல் தருவார்களா? இவற்றை 'வாய்மொழியாகச் சொன்னார்கள்' என்று விட்டுவிடக் கூடாது. மனிதவளத் துறைக்காரர் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், மின்னஞ்சல் இருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. ஆஃபர் செத்துப்போனாலும் ஐ-797 அதோடு சேர்ந்து சாக வேண்டியதில்லை. 65,000 என்ற வரம்பில் ஒருமுறை எண்ணப்பட்டவரை ஆறு ஆண்டுகளுக்குள் மீண்டும் எண்ண வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. மனு மோசடி போன்ற காரணத்தால் ரத்தாகாமல், கம்பெனியால் திரும்பப் பெறப்பட்டு மட்டும் இருந்தால், வேறொரு கம்பெனி குலுக்கலில் நிற்காமலேயே அவருக்குப் புது மனுப் போட வழக்கறிஞர்கள் இந்த வாசகத்தைப் பயன்படுத்துகிறார்கள். என் நண்பனுக்கு 2019-ல் வேறு கம்பெனி மூலம் அப்படித்தான் போட்டார்கள். அந்த வழக்கறிஞர் அவனிடம் முதலில் கேட்டது பழைய ஐ-797-இன் ரசீது எண்ணை. வாய்ப்பைத் திரும்பப் பெற்ற கம்பெனி அதன் நகலை அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை. நேர்காணலுக்கு முன்பே அவன் தன் பங்குக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தான்.